தம்பியின் படகில் என் பங்கு

திண்டிவனம் ரோட்டில் இருக்கும் மர அறுவைப் பட்டறை நான் வைத்தது. அதற்குப் பின்னால் லாரி பாடி கட்டும் கொட்டகை நான் போட்டது. நாங்கள் குடியிருக்கும் மாடி வீடு நான் கட்டியது. பக்கத்தில் தம்பி குடும்பம் இருக்கும் வீட்டுக்கும் வாசக்கால் நான் இழைத்தது. எங்கள் தெரு அம்மன் கோயில் சின்னத் தேருக்கு நாலு சக்கரம் கூலி வாங்காமல் செய்து கொடுத்தவன் நான். செஞ்சிக் கோட்டையைக் கட்டின ராஜாக்களுக்கு ஆள் இருந்தது, அம்பாரி இருந்தது. எனக்கு யார் இருந்தார்கள்? மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்துப் போடத் தெரியும், அளவு எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தேன். நான் செய்த சாமான் எதுவாக இருந்தாலும் உள்பக்கம் ஒரு ஓரத்தில் என் பேரின் முதல் எழுத்தை உளியால் வெட்டி வைப்பேன். லாரியின் பின்கதவைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். தேர்ச் சக்கரத்திலும் உண்டு. என் வேலை என் பேரில்தான் இருக்க வேண்டும், இன்னொருத்தன் பேரில் போகக் கூடாது. இது என் பழக்கம்.

தம்பிக்கான நினைவு மலரில் உன் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் வரும். எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு வரி எழுதினால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. ஒரு வாரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி மகள்தான் மலரைத் தொகுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். "பெரியப்பா, நைனாவைப் பத்தி எழுதும்போது அவருன்னு எழுதுங்க. பேச்சுல சொல்ற மாதிரி டேய்னு எழுதிடாதீங்க" என்றாள். சரி. உயிரோடு இருந்த அறுபத்து நாலு வருஷமும் டேய் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அவருக்கு இது கேட்காது. இருந்தாலும் எழுதுகிறேன்.

தம்பி சிங்கவரத்தில் பிறந்தார். நானும் அங்கேதான். எங்கள் நைனா வேர்க்கடலைக் காட்டுக்குக் கூலிக்குப் போனவர். எனக்குப் பதிமூன்று வயதும் தம்பிக்கு நாலு வயதும் நடக்கும்போது நைனா போய்ச் சேர்ந்தார். அம்மா கடலை பறிக்கப் போனால் தம்பி என் இடுப்பில். செஞ்சியில் மாட்டு வண்டி செய்யும் பட்டறைக்கு நான் வேலைக்குப் போனபோது அவரையும் தூக்கிக்கொண்டே போனேன். மரத்தூள் குவியல் மேல் துண்டை விரித்துப் படுக்கப் போடுவேன், தூங்கிவிடுவார்.

அந்தப் பட்டறையில் நான் கற்ற முதல் பாடத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கோடையில் வண்டிச் சக்கரம் காய்ந்து ஆட்டம் கண்டால் ஆணி அடிக்கக் கூடாது, ஆப்பு வைக்கக் கூடாது. இரண்டு நாள் குட்டைத் தண்ணீரில் போட வேண்டும். மரம் தண்ணீரைக் குடித்து உப்பித் தானே இறுக்கிக்கொள்ளும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை.

தம்பியைப் பத்தாவது வரை படிக்க வைத்தேன். பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு. புதுச்சேரி தாண்டிக் கடற்கரையில் ஒரு தங்கும் விடுதியில் வேலை கிடைத்தது. விருந்தாளிகள் வருகிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. தம்பிக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு. திங்கட்கிழமை சாயந்திரம் பஸ் ஏறி வருவார், புதன்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருந்தது வாரத்தில் அந்த ஒரு நாள்தான். அதற்காக அவர்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் சண்டை போடக்கூட நேரம் இல்லை என்று தம்பி சொல்லிச் சிரிப்பார். யாரிடமும் கடுமையாக ஒரு வார்த்தை பேசினதில்லை. விடுதி முதலாளி மூன்று பேர் மாறினார்கள், மூன்று பேரும் அவரை விடவில்லை.

தம்பி மனைவி மரக்காணம் பக்கம், உப்பைத் தோணியில் ஏற்றி ஓட்டும் உப்பளத்துக் குடும்பம். பெண் பார்த்தது நான். கல்யாணமாகி வந்த முதல் சித்திரையில், "எங்க ஊர்ல கடல் காத்து. இங்க காத்துகூட பாறையில பட்டு வெந்துதான் வருது மாமா" என்றாள். அதோடு சரி, அதற்குப் பிறகு கடலைப் பற்றிப் பேசினதே இல்லை. தையல் மெஷின் போட்டாள். ஜாக்கெட் தைத்தாள். என் கொட்டகைக்கு வரும் லாரிகளுக்குத் தார்ப்பாயும் அவளே தைத்துக் கொடுத்தாள். கித்தான் துணியில் அவள் போடும் தையல் பிரிந்து நான் பார்த்ததில்லை.

விடுதியின் சவுக்குத் தோப்பில் ஒரு பழைய பாய்மரப் படகு கவிழ்ந்து கிடந்ததாம். பதினாறு அடி நீளம், தேக்குப் பலகை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவிட்டுப் போட்டுவிட்டுப் போனது. புது முதலாளி வந்ததும் அதை அடுப்புக்கு வெட்டச் சொன்னார். தம்பி கேட்டு வாங்கி, டிராக்டர் பெட்டியில் ஏற்றிச் செஞ்சிக்குக் கொண்டுவந்து இறக்கினார். என் மனையில் தகரக் கொட்டாய் போட்டுக் கொடுத்தது நான்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருவர், "இன்னா எலக்ட்ரீஷியன், கோட்டை அகழியில உடப் போறியா?" என்றார். இன்னொருவர், "ராஜகிரி மலை மேல ஏத்தி வையி, வர்றவங்க போறவங்க போட்டோ எடுப்பாங்க" என்றார். தம்பி டீயை ஆற்றிக்கொண்டே, "ஏரி ரொம்பட்டும், உங்களத்தான் மொதல்ல ஏத்திக்கினு போவேன். பாரம் இல்லாம படகு நிக்காதாம்" என்றார். சொன்னவர் உடம்பு கொஞ்சம் பெருத்த உடம்பு. கடையே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டேன். "ஏன்டா, செவ்வாக்கிழமை எவனாச்சும் ஒரு காரியத்த ஆரம்பிப்பானா?"

"ஆரம்பிக்கலண்ணா. ஆரம்பிச்சது வெள்ளைக்காரரு. நாங்க பழுதுதான் பாக்குறோம்."

"ரெண்டு ஆள் அனுப்புறேன். பத்து நாள்ல முடிச்சுக் குடுத்துடுவானுங்க."

"பத்து நாள்ல முடிஞ்சுட்டா மீதி செவ்வாக்கிழமைக்கெல்லாம் நாங்க இன்னா பண்றது?"

அப்படி ஏழு வருஷம் செய்தார்கள்.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படகுப் பலகையைச் செப்பாணி போட்டுத்தான் பிணைப்பார்கள். செப்பாணியைத் தனி ஆள் அடிக்க முடியாது. ஒருத்தர் வெளியில் நின்று சுத்தியால் அடிக்க வேண்டும். இன்னொருத்தர் படகுக்குள் உட்கார்ந்து ஆணி வரும் இடத்தில் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். முட்டு சரியாக இருந்தால்தான் ஆணி மடங்கிப் பிடிக்கும். வெளியில் தம்பி, உள்ளே அவர் மனைவி. நடுவில் பலகை. ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாது. அவர் "ஆச்சா?" என்பார். உள்ளேயிருந்து "ஆச்சு" என்று வரும். அப்புறம்தான் சுத்தி விழும். இடையில் வீட்டுப் பேச்சும் அப்படியேதான். ஒரு நாள் நான் கொட்டாய்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது காதில் விழுந்தது.

"உங்க அண்ணன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு போறாரே, இன்னாவாம்?"

"அவரு மூஞ்சியே அப்படித்தான். ஆச்சா?"

"ஆச்சு."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். சொன்னது சரிதான்.

உடைந்த விலாக் கட்டைகளுக்கு மரம் கொடுத்தது நான். இழைத்தது தம்பி. பாய் தைத்தது அவர் மனைவி. ஆடி மாசத்துக் காற்றில் கொட்டாய்க்கு வெளியே படகை இழுத்து வைத்து, பாயை ஏற்றி இறக்கிப் பழகுவார்கள். நாலா பக்கமும் பாறை மலை, நடுவில் காய்ந்த மனை, அதில் ஒரு வெள்ளைப் பாய் உப்பிக்கொண்டு நிற்கும். அதன் கீழே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார இரண்டு மெத்தை தைத்து வைத்திருந்தாள், ஆளுக்கு ஒன்று.

ஏழாம் வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. ஏரி, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கடைவாசல் வரைக்கும் நிறைந்தது. எங்கள் ஏரியில் தண்ணீர் நிற்பது வருஷத்தில் மூன்று நாலு மாசம். மாசி பங்குனியில் மாடு மேயும். கார்த்திகையில் படகை ஏரியில் இறக்குவது என்று முடிவு செய்தார்கள். அதுவரை அவர்களுடையதாக இருந்த காரியத்தை அங்கே நான் கையில் எடுத்துக்கொண்டேன். மேளம் நான் சொன்னேன். ஊருக்கெல்லாம் நான் சொன்னேன். ஃபிளெக்ஸ் அடித்தேன், என் படம் மேலே, தம்பி படம் கீழே.

அந்த வாரம் தம்பியின் கால் வீங்கியிருந்தது. இரண்டு பேரும் புதுச்சேரிக்குப் பரிசோதனைக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. நான் கொட்டாய்க்குப் போய்ப் படகைச் சுற்றிப் பார்த்தேன். பலகைக்குப் பலகை சந்து. எட்டணாக் காசை நுழைக்கலாம். உள்ளே பஞ்சுத் திரியைத் தளர்வாக வைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். ஏழு வருஷம் செய்த வேலையா இது? ஊரே வந்து பார்க்குமே, என் தம்பி செய்தது என்று சொல்லிவிட்டேனே, என் மானம் என்ன ஆவது? அதுதான் எனக்குத் தோன்றியது.

பட்டறையிலிருந்து இரண்டு ஆளைக் கூப்பிட்டேன். லாரி பாடியில் சந்து அடைக்கும் பட்டி இருக்கிறதே, காய்ந்தால் கல்லாகிவிடும், அதைக் குழைத்து எல்லாச் சந்தையும் அடைத்தேன். தேய்த்து வழவழப்பாக்கி நீலப் பெயிண்ட் அடித்தேன். புது லாரி மாதிரி பளபளத்தது. உள்பக்கம் ஒரு பலகையில் என் எழுத்தையும் வெட்டினேன்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். தம்பி மனைவி விரலால் பலகையைத் தடவிக்கொண்டே முனையிலிருந்து முனை வரைக்கும் போனாள்.

"சந்து உட்டு வச்சிருந்தோமே மாமா."

"அதத்தானம்மா அடைச்சுட்டேன்!"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. "நல்லா இருக்குதுண்ணா" என்றார். பட்டியைத் தோண்டி எடுக்க அப்போது நேரமும் இல்லை, மறுநாள் மேளம் வந்துவிடும். அதைவிட, தோண்டினால் என் மனசு என்ன ஆகும் என்று பார்த்தார். எனக்கு இப்போது தெரிகிறது.

மறுநாள் படகு ஏரியில் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. "பாத்தியாடா! பாத்தியா!" என்று நான் கரையில் நின்று கத்தினேன். ஊர் கை தட்டியது. பாய் ஏற்றுவதற்கு முன் நாலு நாள் தண்ணீரில் ஊறட்டும் என்று தம்பி மனைவி சொன்னாள். கயிற்றில் கட்டிப் போட்டார்கள்.

நாலாம் நாள் காலையில் போனபோது படகு வாய் வரைக்கும் முழுகிக் கிடந்தது. இழுத்துப் போட்டுப் பார்த்தோம். பலகை தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கிறது. உப்புவதற்குத்தான் அவர்கள் சந்து விட்டிருந்தார்கள். சந்தில் என் பட்டி கல்லாக உட்கார்ந்திருக்கிறது. போக இடமில்லாமல் பலகைகள் ஒன்றை ஒன்று நெருக்கி, செப்பாணிகளைப் பிடுங்கிக்கொண்டு, விலாக் கட்டைகளை முறித்துவிட்டிருந்தன. ஏழு வருஷத்துச் செவ்வாய்க்கிழமை.

கரையில் நின்றவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். முதலில் வாயைத் திறந்தது நான்தான். "வெள்ளைக்காரன் மரம்பா. உளுத்துப் போச்சு, இன்னா பண்றது" என்றேன். தம்பி பக்கத்தில்தான் நின்றார். "ஆமா, பழைய மரம்" என்றார். அன்றைக்கு மட்டும் இல்லை. டீக்கடையில், கல்யாண வீட்டில், யார் கேட்டாலும் அதையேதான் சொன்னார். சாகிற வரைக்கும் சொன்னார்.

தம்பி மனைவி மட்டும் ஒரு தடவை கேட்டாள். படகை டிராக்டரில் ஏற்றும்போது, யாருக்கும் கேட்காத குரலில், "மாமா, வண்டிச் சக்கரத்த தண்ணியில போட்டு ஊற வைக்கறவருதானே நீங்க?" என்றாள். நான் படகைக் கட்டின கயிற்றை இழுத்து இறுக்கினேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பரிசோதனை ரிப்போர்ட்டும் அதே வாரம்தான் வந்தது. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்க்கொண்டிருந்தது. வேலையை விட்டு வீட்டோடு வந்தார். வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த நாள் வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும். நாள் மாற்றிக் கொடுக்க முடியுமா என்று தம்பி மனைவி கேட்டுப் பார்த்தாளாம். முடியாது என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு மற்ற ஐந்து நாளும் அவர் வீட்டில்தான் இருந்தார். ஆனால் உடம்பில் தெம்பு ஒன்றும் இல்லை.

படகு கொட்டாயில் உடைந்து கிடந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் நான் உளியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்தேன். என்ன பெரியவரே என்று கேட்டவர்களிடம் பொழுது போகவில்லை என்றேன். மரம் காயப்படாமல் பட்டியை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முழம் எடுத்தால் அதிகம். முட்டி மடக்கி உட்கார முடியாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு செய்தேன். ஆள் வைக்கவில்லை. ஐந்து மாசம் ஆனது. அடைத்தது ஒன்றரை நாளில்.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏரியில் எருமை படுக்கத்தான் தண்ணீர் இருந்தது. ஒரு மழைக்காலம் போனது. உடைந்த விலாக் கட்டைகளுக்குப் பதில் வேறு வெட்டி வளைத்தோம். பிறகு செப்பாணி. தம்பியால் சுத்தி தூக்க முடியாது. இடது கையில் ஊசி போடுகிற குழாயை வைத்துத் தைத்திருந்தார்கள், அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கையால் முட்டு மட்டும் பிடிப்பேன் என்று படகுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். வெளியில் நான். அவரைத் தூக்கி வளர்த்தேன், படிக்க வைத்தேன், கல்யாணம் செய்து வைத்தேன். ஒரு பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

"ஆச்சாடா?"

"ஆச்சுண்ணா."

நாலு ஆணி, ஐந்து ஆணி. அப்புறம் அவருக்கு மூச்சு வாங்கும், எனக்கும் வாங்கும். இரண்டு பேரும் அப்படியே இருப்போம். ஒரு நாள் நான் "ஆச்சா?" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். இல்லை. சுத்தியைப் போட்டுவிட்டுச் சுற்றி ஓடினேன். கையில் இரும்புக் கட்டையை ஆணி இடத்தில் சரியாக வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்தூள் மேல் படுக்கப்போட்ட பிள்ளை மாதிரிதான் இருந்தார்.

அதற்கு அடுத்த கார்த்திகையில் ஏரி நிறைந்தது. என் பட்டி படகை உடைத்து இரண்டு வருஷம். மேளம் இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை. படகைத் தண்ணீரில் விட்டதும் எல்லாச் சந்திலும் தண்ணீர் பாய்ந்து முதல் நாளே முழுக நிரம்பிவிட்டது. கரையில் இருந்தவர்கள், "இந்த வாட்டி சீக்கிரமே முழுகிடுச்சு, வேலை மிச்சம்" என்று சிரித்தார்கள். தம்பி மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "முழுகட்டும், அதுக்குத்தான் உட்டிருக்குது" என்றாள். நாலாம் நாள் தண்ணீரை இறைத்து ஊற்றினாள். பிறகு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவர்கள் சொன்னதுதான் நடந்தது.

மறுநாள் காலை தம்பியை ஆட்டோவில் கூட்டிவந்து கரை மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். டாக்டர் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றிருந்தார். ஈரம் பட்டால் குழாய் வைத்த இடம் சீழ் பிடிக்கும். "நனையாம நான் தூக்கிக்கினு போயி உக்கார வைக்கிறேன்" என்றேன். நாலு ஆள் தூக்கும் கட்டையைத் தனியாகத் தோளில் ஏற்றினவன் நான். தம்பியைத் தூக்கினேன். கரைச் சரிவில் நாலு அடி வைத்ததும் முட்டி விட்டுவிட்டது. அவரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். வேறு ஆட்கள் ஓடி வந்தார்கள். தம்பி வேண்டாம் என்றார். "நாற்காலியிலயே உடுங்க. இங்கருந்துதான் நல்லாத் தெரியுது" என்றார்.

தம்பி மனைவி படகில் ஏறினாள். கயிற்றை இழுத்தாள். பாய் ஒரு தடவை படபடத்தது, பிறகு உப்பியது. படகு நகர்ந்தது. சத்தமே இல்லை. இரண்டு மெத்தையும் போட்டிருந்தாள். ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். அக்கரை வரைக்கும் போய் வளைந்து திரும்பினாள். முக்கால் மணி நேரம் இருக்கும். வெயில் ஏறிவிட்டது. கரைக்கு வந்து, போதுமா என்பது போலத் தம்பியைப் பார்த்துக் கையைக் காட்டினாள். தம்பி விரலைச் சுழற்றி, இன்னொரு சுற்று போ என்றார். மறுபடி போனாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் அவரால் நடக்க முடிந்தது. சரிவில் தானே இறங்கி, தானே ஏறி, அந்த இன்னொரு மெத்தையில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

தை மாசம் தம்பி போய்ச் சேர்ந்தார். வீட்டில்தான். கடைசி வாரம் என்னிடம் சொன்னது, "அண்ணா, ஏரி வத்தினதும் படகக் கொட்டாயில போடுவீங்க. காய உட்றாதீங்க. ஈரச் சாக்கு போட்டு வைங்க." வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை குடத்தில் தண்ணீர் மொண்டு போய்ச் சாக்கை நனைக்கிறேன். குடம் கனக்கிறது. இந்த வேலைக்கும் ஆள் வைக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் செவ்வாயும் வெள்ளியும் தம்பிக்கு முன் சீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த விழுப்புரம் பஸ் கண்டக்டருக்கு. ஊசி குத்தும்போது படகுக் கதை கேட்டுக்கொண்டே வலி தெரியாமல் குத்தின நர்ஸம்மாவுக்கு. இரண்டு தடவையும் படகை ஏற்றி இறக்கின டிராக்டர்காரருக்கு. அவலூர்பேட்டையிலிருந்து காரியத்துக்குக் காய்கறி மூட்டையை அனுப்பிவிட்டுப் பேர் சொல்லாமல் இருந்தவருக்கு. முதல் தடவை சிரித்து, அவர் போன அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வந்து பாடை தூக்கின டீக்கடைக்காரருக்கும் நன்றி.

கடைசியாக, மலரைத் தொகுக்கும் என் தம்பி மகளுக்கு. நீ எழுதிய பக்கத்தைப் படித்தேன் அம்மா. "மரம் பழையது என்பதால் படகு முதல் முறை முழுகியது" என்று போட்டிருக்கிறாய். உன் நைனா உனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். "பெரியப்பா இடமும் மரமும் தந்து உதவினார்" என்றும் போட்டிருக்கிறாய். இரண்டையும் அடி. தேக்கு நல்ல தேக்கு. மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதற்குப் பதில் இப்படிப் போடு: அண்ணன் யாரையும் கேட்காமல் பட்டி வைத்தார், படகு உடைந்தது, இரண்டு மழைக்காலம் போயிற்று, தம்பி படகில் ஏறவே இல்லை. அதற்குக் கீழே, அந்த அண்ணனே ஐந்து மாசம் பட்டியைச் சுரண்டினார், ஆணி அடித்தார் என்று போடு. இரண்டுக்கும் இடம் இல்லை, ஒன்றுதான் போட முடியும் என்றால் முதலாவதைப் போடு. படகுக்குள் இடது பக்கம் மூன்றாம் பலகையில் என் எழுத்து இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள். நான் செய்த எதையும் இன்னொருத்தர் பேரில் எழுத இதுவரை விட்டதில்லை. இதை ஒரு மரத்தின் பேரில் எழுத விடமாட்டேன். என் பேரில் போடு.